டியூக் வீட்டுத் தொழுவத்தில் கிறிஸ்துமஸ்

இங்கிலாந்தில் டிசம்பர் மாதம் என்றால் சாயங்காலம் நாலு மணிக்கே இருட்டிவிடும். வெயில் என்று ஒன்று இருந்ததே மறந்துபோகும். இந்த இருட்டைச் சமாளிக்க ஊரெல்லாம் பல வழிகள் வைத்திருக்கிறார்கள். அதில் ஒன்று, பழைய பிரபுக்களின் கிராமத்து மாளிகைகளை விளக்கும் மரமுமாக அலங்கரித்து டிக்கெட் போட்டுத் திறந்துவிடுவது. பிளென்ஹைம், காஸில் ஹோவர்ட், வாடெஸ்டன் என்று வரிசையாக எல்லோரும் செய்கிறார்கள். நவம்பர் ஆரம்பத்திலேயே தொடங்கிவிடும். ஆடி மாதத் தள்ளுபடி போல, யார் முந்துவது என்ற போட்டி.

எங்கள் வீட்டிலிருந்து பக்கம் என்பதால் நான் அடிக்கடி போவது டெர்பிஷயரில் இருக்கும் சாட்ஸ்வொர்த் மாளிகை. ஷெஃபீல்டிலிருந்து பேக்வெல் போகும் பஸ்ஸில் ஏறினால், மேட்டுநிலம் தாண்டி இறங்கும்போது டெர்வென்ட் ஆற்றங்கரையில் மஞ்சள் கல்லில் நிற்கும். ஜன்னல் சட்டங்களுக்குத் தங்கத் தகடு ஒட்டியிருக்கிறார்கள். மப்பும் மந்தாரமுமான நாளில்கூட அது மட்டும் மினுங்கும். 2005இல் வந்த ‘பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்’ படத்தில் டார்சியின் வீடாக வருவது இதுதான். பார்த்தவர்களுக்குச் சட்டென்று அடையாளம் தெரியும்.

கிறிஸ்துமஸ் அலங்காரத்தைப் பற்றி எழுதுவதற்கு முன்னால், இந்த வீட்டுக்கு ஏன் கிறிஸ்துமஸ் தேவைப்பட்டது என்று சொல்லியாக வேண்டும். அது தெரியாமல் உள்ளே போனால் “சும்மா பணம் பிடுங்குகிறார்கள்” என்று தோன்றும். தெரிந்துகொண்டு போனாலும் பணம் பிடுங்குவது பிடுங்குவதுதான். ஆனால் எதற்கு என்று புரியும்.

ஹார்ட்விக்கின் பெஸ் என்ற அம்மாளும் அவருடைய கணவர் வில்லியம் கேவண்டிஷும் 1549இல் வாங்கிய இடம் இது. நாலு கணவர்களைக் கட்டி, நாலு பேரையும் தாண்டி வாழ்ந்து, ஒவ்வொரு திருமணத்திலும் ஒரு படி மேலே ஏறிய கெட்டிக்காரி. அவருடைய சந்ததிதான் பிற்பாடு டெவன்ஷயர் டியூக்குகள் ஆனது. நானூறு வருஷம் எல்லாம் நன்றாகத்தான் போனது. 1950இல் பத்தாவது டியூக் ஐம்பத்தைந்து வயதில் திடீரென்று இறந்துபோனார். சொத்தை முன்கூட்டியே மகன் பெயருக்கு மாற்றும் ஏற்பாட்டைச் செய்துவைத்திருந்தார். ஆனால் அதற்குப் பிறகு அவர் ஐந்து வருஷம் உயிரோடு இருந்திருந்தால்தான் வரிவிலக்கு. நாலு மாதத்துக்கும் குறைவான வித்தியாசத்தில் அது தவறிப்போனது. மரணவரி எண்பது சதவீதம்!

மகனுக்கு வேறு வழியில்லை. ஆயிரக்கணக்கான ஏக்கர் நிலத்தை விற்றார். ரெம்பிராண்ட், ரூபன்ஸ், ஹோல்பைன் ஓவியங்கள் கைமாறின. பெஸ் கட்டிய இன்னொரு மாளிகையான ஹார்ட்விக் ஹால், பழைய கட்டடங்களைப் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்டுக்கு 1959இல் போனது. கடைசியில் 1981இல் சாட்ஸ்வொர்த் வீட்டையே ஒரு அறக்கட்டளையிடம் கொடுத்துவிட்டார்கள். இன்றைக்கு டியூக் குடும்பம் அந்த வீட்டில் தாங்கள் இருக்கும் பகுதிக்கு வாடகை கட்டுகிறது.

இதை அம்மாவிடம் சொன்னபோது அவருக்கு நம்பவே முடியவில்லை. அம்மா தேனிப் பக்கத்துக்காரர். குளிருக்கு இரண்டு ஸ்வெட்டரும் அதன்மேல் என் பழைய கோட்டும் போட்டுக்கொண்டு, சேலையோடு என்கூட வந்திருந்தார்.

“இம்புட்டுப் பெரிய வீட்டுல எத்தன பேருத்தா இருக்காக?”

“ஒரு மூலையில டியூக் குடும்பம் இருக்கும்மா. அதுக்கும் வாடகை குடுக்குறாக.”

“சொந்த வீட்டுக்கு வாடகையா? அப்ப நம்மளே தேவல.”

கூரை மட்டும் 1.3 ஏக்கர். ஈயத்தகடு வேய்ந்த கூரை. ஒழுகினால் நம்ம ஊர் மாதிரி மேலே ஏறி ஓடு மாற்றுகிற வேலை இல்லை. 2018இல் முடிந்த பெரிய பராமரிப்புப் பணிக்கு மூன்று கோடியே இருபது லட்சம் பவுண்டு செலவானது. சுவர்க்கல்லைச் சுத்தம் செய்ததும் தங்கம் ஒட்டியதும் அதில்தான்.

கிறிஸ்துமஸ் விஷயத்துக்கு வருகிறேன். ரொம்ப காலமாக இந்த வீடு குளிர்காலத்தில் மூடித்தான் கிடந்தது. அக்டோபரோடு சரி. அப்புறம் தூசு தட்டி, நாற்காலிகளுக்கு உறை போட்டு, வசந்தத்தில்தான் திறப்பார்கள். 2001இல் கோமாரி நோய் வந்தது. பிரிட்டன் முழுக்க அறுபது லட்சத்துக்கும் மேல் ஆடு மாடுகளைக் கொன்று எரித்த வருஷம் அது. கிராமப்புற நடைபாதைகளை மூடினார்கள், சுற்றுலா படுத்துவிட்டது. விட்ட வருமானத்தைக் கொஞ்சமாவது பிடிக்கலாம் என்று அந்த வருஷம்தான் முதன்முறையாகக் கிறிஸ்துமஸுக்கு வீட்டைத் திறந்தார்கள். கூட்டம் வந்தது. அதற்குப் பிறகு அது வழக்கமாகிவிட்டது. ஆக, இன்றைக்கு இவ்வளவு கோலாகலமாக நடக்கிற திருவிழாவுக்கு வித்து போட்டது மாட்டுக்கு வந்த நோய்.

அதற்காக விளக்குக் காட்சி இந்த வீட்டுக்குப் புதிது என்று நினைக்க வேண்டாம். 1843 டிசம்பர் முதல் வாரத்தில் விக்டோரியா மகாராணியும் ஆல்பர்ட்டும் இங்கே விருந்தாளியாக வந்தார்கள். அப்போது தோட்டத்துக்குப் பொறுப்பு ஜோசப் பாக்ஸ்டன். இருபத்திரண்டு வயதில் தலைமைத் தோட்டக்காரராகச் சேர்ந்து, பின்னாளில் லண்டனில் கிரிஸ்டல் பேலஸை வடிவமைத்தாரே, அவரேதான். இங்கே அவர் கட்டியிருந்த பிரம்மாண்டமான கண்ணாடிக் கூடத்துக்குள் ராணியின் குதிரைவண்டியை அப்படியே ஓட்டிக்கொண்டு போகலாம். அன்று ராத்திரி அதற்குள் பன்னிரண்டாயிரம் விளக்குகள். வெளியே படிப்படியாக நீர் இறங்கும் அருவிக்கும் நீரூற்றுகளுக்கும் நிறநிறமாக மத்தாப்பு வெளிச்சம். மின்சாரம் இல்லாத காலம் என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு விளக்கையும் ஒரு ஆள் ஏற்றியிருக்க வேண்டும்.

எனக்குப் பிடித்தது அதற்கு அடுத்த நாள் கதை. விருந்தினரில் ஒருவர் வாட்டர்லூவில் நெப்போலியனைத் தோற்கடித்த வெலிங்டன். கிழவர் விடியற்காலையில் எழுந்து, இதெல்லாம் எப்படிச் செய்தார்கள் என்று பார்க்கத் தோட்டத்துக்குப் போயிருக்கிறார். போய்ப் பார்த்தால் ஒன்றுமே இல்லை. ஒரு விளக்கு, ஒரு கரித்துண்டு, மிதிபட்ட புல் எதுவும் இல்லை. பாக்ஸ்டன் ராத்திரியோடு ராத்திரியாக ஆட்களை விட்டு மொத்தத்தையும் துடைத்துவைத்துவிட்டார். இந்த ஆள் என் படையில் தளபதியாக இருந்திருக்கலாமே என்று வெலிங்டன் சொன்னதாக ஒரு பேச்சு உண்டு. நம்ம ஊரில் தேர்த்திருவிழா முடிந்த மறுநாள் ரதவீதி இருக்கும் லட்சணத்தைப் பார்த்தவர்களுக்குத்தான் இந்த மரியாதையின் முழு அர்த்தம் புரியும். அந்தக் கண்ணாடிக்கூடம் இப்போது இல்லை. முதல் உலகப்போரில் கரித் தட்டுப்பாடு வந்து, சூடேற்ற வழியில்லாமல் உள்ளே இருந்த செடிகள் செத்தன. 1920இல் வெடிவைத்துத் தகர்த்தார்கள்.

இப்போதைய அலங்காரம் வருஷத்துக்கு ஒரு கதை. ஒரு வருஷம் நார்னியா, ஒரு வருஷம் நட்கிராக்கர், ஒரு வருஷம் டிக்கன்ஸ். வீட்டுக்குள் நுழைந்தவுடன் வருவது ‘பெயிண்டட் ஹால்’. சுவரிலும் கூரையிலும் ஜூலியஸ் சீசரின் வாழ்க்கையை வரைந்திருக்கிறார் லாகேர் என்ற ஓவியர். அன்றைய மன்னரைக் குளிர்விக்கத்தான். டியூக் பட்டம் அவர் கொடுத்தது. கீழே உயரமான ஃபிர் மரங்கள், சீரியல் பல்பு, ரிப்பன், பந்துகள். மேலே சீசரைக் குத்திக் கொல்கிறார்கள், கீழே ஜிங்கிள் பெல்ஸ். இந்தப் பொருத்தமின்மையைப் பற்றி இங்கே யாருக்கும் கவலை இல்லை, எனக்கும் இல்லை. அண்ணாந்து பார்க்கிறவர்கள் குறைவு. எல்லோரும் மரத்துக்கு முன்னால் நின்று போட்டோ எடுக்கிறார்கள்.

ஒவ்வொரு அறையாக வரிசையில் நகர்த்திக்கொண்டே போவார்கள். பெரிய சாப்பாட்டு அறையில் மேசை முழுக்க வெள்ளியும் பளிங்குமாக விரித்திருப்பார்கள். 1832இல் பதின்மூன்று வயதுப் பெண்ணாக இருந்த விக்டோரியா பெரியவர்களோடு உட்கார்ந்து முதன்முதலாக ராத்திரி விருந்து சாப்பிட்டது அந்த அறையில்தான். சிற்பக்கூடத்தில் கனோவாவின் பளிங்கு உருவங்களுக்கு நடுவே பனி மாதிரி பஞ்சும் மினுமினுப்பும். என்னைக் கேட்டால், இந்தக் கூடத்தை அப்படியே விட்டிருக்கலாம். வெள்ளைப் பளிங்குக்கு மேல் வெள்ளை எதற்கு? சிற்றாலயத்தில் மட்டும் அடக்கி வாசித்திருக்கிறார்கள். மெழுகுவர்த்தி வெளிச்சமே போதும் என்று விட்டிருக்கிறார்கள். மொத்த வீட்டிலும் பண்டிகை என்ற உணர்வு எனக்கு வந்தது அங்கேதான்.

இடையில் ஒரு வாழைப்பழ விஷயம். தோட்டத்து வெப்ப அறையில் பாக்ஸ்டன் ஒரு குட்டை வாழையை வளர்த்தார். 1835 நவம்பரில், வெளியே உறைபனி பெய்கிற நேரத்தில், அது பூ தள்ளியது. அடுத்த வருஷம் காய்த்தது. எஜமானரின் குடும்பப் பெயரையே அதற்கு வைத்தார், கேவண்டிஷ் என்று. மிஷனரி ஜான் வில்லியம்ஸ் இங்கிருந்து கன்று வாங்கிக் கப்பலில் சமோவாத் தீவுக்குக் கொண்டுபோனார். இன்றைக்கு உலகச் சந்தையில் ஏற்றுமதியாகும் வாழையில் பெரும்பங்கு கேவண்டிஷ் ரகங்கள்தான். சின்னமனூர், கம்பம் பக்கம் ஏக்கர் கணக்கில் போடுகிறார்களே ஜி-9, அதுவும் அந்தக் குடும்பம்தான். அம்மாவிடம் இதைச் சொன்னதும் வீட்டின் மேல் அவருக்கு ஒரு தனி உரிமை வந்துவிட்டது. “நம்ம வாழக்காரன் வீடு” என்றுதான் ஊருக்கு போனில் சொன்னார்.

வீட்டை முடித்துவிட்டு மேலே ஏறினால், பழைய குதிரை லாயம். 1760களில் கட்டியது, எண்பது குதிரைகள் நின்ற இடம். இப்போது சாப்பாட்டுக் கடைகள். அதையும் தாண்டி இன்னும் கொஞ்சம் ஏறினால், காட்டோரமாகப் பண்ணைத் தொழுவம். நான் இந்தப் பதிவை எழுதுவதே அந்த இடத்துக்காகத்தான்.

இதைத் தொடங்கியது பதினோராவது டியூக்கின் மனைவி டெபோரா, 1973இல். இங்கிலாந்தில் பேர்போன மிட்ஃபோர்ட் சகோதரிகள் ஆறு பேரில் கடைக்குட்டி. கோழிப் பைத்தியம், எல்விஸ் பிரெஸ்லி பைத்தியம். 94 வயது வரை இருந்து 2014இல் காலமானார். ஷெஃபீல்ட் மாதிரி தொழில் நகரங்களில் வளர்கிற பிள்ளைகளுக்குப் பால் எங்கிருந்து வருகிறது, கறி எங்கிருந்து வருகிறது என்று தெரியவில்லையே என்பது அவருடைய ஆதங்கம். கொஞ்சிவிட்டுப் போகிற மிருகக்காட்சி சாலையாக இல்லாமல், எந்தப் பிராணியை எதற்காக வளர்க்கிறோம் என்று மறைக்காமல் சொல்கிற இடமாக அமைத்தார். பால் கறப்பதைக் கூட்டத்தின் முன்னாலேயே செய்து காட்டுவார்கள். அதைப் பார்த்த ஒரு பையன், இவ்வளவு அசிங்கத்தை என் வாழ்நாளில் கண்டதில்லை, இனிமேல் பாலே குடிக்கமாட்டேன் என்று சொன்னானாம். டெபோரா அதை ரசித்து ஊரெல்லாம் சொல்லியிருக்கிறார்.

பால் கறக்கும் நேரத்துக்குச் சரியாகப் போய்ச் சேர்ந்தோம். அம்மா முன்வரிசையில் இடம் பிடித்துவிட்டார். மாடு மேடைமேல் நின்றது. பண்ணைப் பெண் வெதுவெதுப்பான தண்ணீரில் துணி நனைத்து மடியைத் துடைத்தார், ஒவ்வொரு காம்பிலும் இரண்டு பீச்சு கையால் பீச்சிப் பார்த்தார், அப்புறம் கறவை இயந்திரத்தின் நாலு குவளைகளையும் மாட்டினார். கண்ணாடிக் குழாயில் பால் நுரைத்து ஏறியது. பிள்ளைகள் “ஓ” என்றார்கள். அம்மா என் கையை இடித்தார்.

“கன்னுக்குட்டிய எங்கத்தா கட்டியிருக்காக? கேளு.”

கேட்டேன். கன்றைத் தனியாக வைத்துப் புட்டியில் பால் கொடுப்பதாகச் சொன்னார் அந்தப் பெண்.

“கன்னு முட்டாம எப்பிடி இது பால விடும்? அதையும் கேளு.”

அதையும் கேட்டேன். துடைக்கிற சூடும், கை படுகிறதும், தினமும் ஒரே நேரத்துக்கு அதே இடத்தில் நிற்கிற பழக்கமும் சேர்ந்தால் மடி இறங்கிவிடும் என்று பொறுமையாக விளக்கினார். கன்று முட்டும்போது சுரக்கிற அதே ஹார்மோன்தான். அம்மா யோசித்தார். “மாட்ட ஏமாத்துறாக” என்று தீர்ப்புச் சொன்னார். நான் அதை மொழிபெயர்க்கவில்லை. ஆனால் அந்தப் பெண் அம்மாவின் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டு சிரித்துவிட்டார். அப்புறம் இரண்டு பேரும் பொதுப் பாஷை இல்லாமலேயே மடிநோய் பற்றிக் கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருந்தார்கள்.

கிறிஸ்துமஸ் சமயத்தில் இந்தத் தொழுவத்தில் இயேசு பிறப்பு நாடகம் நடக்கும். பெரிய மேடையெல்லாம் கிடையாது. கொட்டகை, வைக்கோல் கட்டுகள், அவற்றின்மேல் உட்கார்ந்த கூட்டம். பார்க்க வந்த பிள்ளைகளில் சிலரைக் கூப்பிட்டு இடையர், ஞானியர், தேவதூதர் வேஷம் கட்டிவிடுகிறார்கள். தலையில் துண்டைக் கட்டிய இடையனுக்கு அதிகம் போனால் ஐந்து வயது. நிஜக் கழுதை, நிஜ ஆடுகள். முன்னணையில் போட்டிருந்த வைக்கோலை ஆடு ஒன்று நிதானமாக இழுத்துத் தின்றது. மரியாளாக நின்ற குழந்தை பொம்மையைத் தூக்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, ஆட்டுக்கு வழிவிட்டு நின்றாள். யாரும் ஆட்டை விரட்டவில்லை. கதையைச் சொல்கிறவர் சொல்லிக்கொண்டே போனார்.

நான் கன்னியாஸ்திரிகள் நடத்திய பள்ளியில் படித்தவள். ஒவ்வொரு டிசம்பரிலும் குடில் கட்டுவோம். கேழ்வரகு விதைத்துப் புல் வளர்ப்போம், கரித்தூள் பூசிய காகிதத்தைக் கசக்கிக் குகை செய்வோம், களிமண் பொம்மைகளை வரிசையாக நிறுத்துவோம். அழகாக இருக்கும். ஆனால் தொழுவத்தில் பிள்ளை பெற்றாள் என்றால் என்ன என்பது அந்தக் குடிலைப் பார்த்து எனக்கு ஒருநாளும் உறைத்ததில்லை. இங்கே சாணி நாற்றமும், கோமிய ஈரமும், மூக்கு விறைக்கிற குளிரும், பக்கத்தில் நிற்கிற மாட்டின் உடம்புச் சூடும் சேர்ந்து அடிக்கும்போது உறைத்தது. வைக்கோலில் உட்கார்ந்து பத்து நிமிஷத்தில் எனக்கு இடுப்பு விறைத்துவிட்டது. கீழே தங்க ஜன்னல் போட்ட வீடு, மேலே இது. நடந்தால் பத்து நிமிஷ தூரம்தான்.

வீட்டின் அலங்காரத்தை அடுத்த வருஷம் மாற்றிவிடுவார்கள், யாரும் கேட்கப்போவதில்லை. நாலு மரத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். தொழுவத்து நாடகத்தை அப்படிக் கூட்டவும் முடியாது, குறைக்கவும் முடியாது. ஆடு என்ன செய்யும் என்று யாருக்குத் தெரியும்?

பண்ணையின் இன்னொரு முகம் பக்கத்துக் கிராமமான பில்ஸ்லியில் இருக்கும் கடை. அதுவும் டெபோரா தொடங்கியதுதான், 1977இல். எஸ்டேட்டில் வளர்ந்த மாட்டிறைச்சி, ஆட்டிறைச்சியை நேரடியாக விற்க ஆரம்பித்த சின்னக் கடை இன்று பெரிதாக வளர்ந்துவிட்டது. கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் வான்கோழி வாங்க நிற்கிற வரிசை நம்ம ஊர் தீபாவளிக் கறிக்கடை வரிசைக்குக் கொஞ்சமும் குறைந்ததில்லை. என்ன, யாரும் முண்டுவதில்லை. விலை அதிகம். பன்றி இறைச்சி பை நன்றாக இருக்கும் என்று என் கணவர் சொல்கிறார். எனக்கு அங்கே விற்கிற பாலாடைக்கட்டியும் ஊறுகாய் மாதிரி ஒரு வெங்காயத் தொக்கும் போதும்.

போக நினைப்பவர்களுக்கு: டிசம்பர் சனி, ஞாயிறு வேண்டவே வேண்டாம். ஊர்ந்துதான் போவீர்கள். நவம்பர் நடுவில் ஒரு வாரநாள் நல்லது. டிக்கெட்டை முன்கூட்டியே எடுக்க வேண்டும். குடும்பமாகப் போனால் வீட்டு டிக்கெட் நன்றாகவே கடிக்கும். கையைக் கடிக்கிறது என்றால் வீட்டை விட்டுவிட்டுத் தொழுவத்துக்கு மட்டும் டிக்கெட் எடுங்கள், சின்னப் பிள்ளைகள் இருந்தால் இதில் யோசிக்கவே வேண்டியதில்லை. நாடகமும் பால் கறப்பதும் எத்தனை மணிக்கு என்று முதலில் பார்த்துக்கொண்டு மற்றதை அதற்கேற்ப வைத்துக்கொள்ளுங்கள். ரப்பர் பூட்ஸ் அவசியம். டியூக்கின் பூங்காவில் மான்களுக்கு நடுவே நடந்து என்ஸர் கிராமத்துத் தேவாலயம் வரை போக ஒரு பைசா கட்டணம் இல்லை. கிறிஸ்துமஸ் அன்று மட்டும் போய் ஏமாந்துவிடாதீர்கள், அன்றைக்கு வீடு பூட்டியிருக்கும்.